மாடியறையில் பதினோரு உருப்படி

ஒரு குழந்தை பயமில்லாமல் தூங்குவதற்கு நான் வைத்திருந்த விலை சதுர அடிக்கு நூற்று எண்பது ரூபாய். பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, எமல்ஷன் பூசி, அதற்கு மேல் வரைகிற யானை, மான், மழை, வானவில் எல்லாம் அதில் அடக்கம். நட்சத்திரங்கள் இருட்டில் மினுங்க வேண்டுமென்றால் பதினைந்து ரூபாய் கூடும். ஆஸ்பத்திரிப் பிள்ளைகள் வார்டு என்றால் பத்து ரூபாய் குறைப்பேன். புண்ணியத்துக்காக இல்லை. அங்கே சுவர் நீளம்.

நூற்று எண்பது என்பது சொல்லுகிற விலை. கேட்கிறவர் நூறு என்பார். நான் நெஞ்சில் கை வைப்பேன். அவர் நூற்றுப் பத்துக்கு ஏறுவார். நான் பெயிண்ட் வாளியின் விலையைச் சொல்லி, வரைகிற அம்மாளின் பஸ் டிக்கெட்டைச் சொல்லி, கடைசியில் நூற்று முப்பதில் கை கொடுப்போம். அடுத்தவனை ஏமாற்றிவிட்ட திருப்தியோடு இருவரும் டீ குடிப்போம். டீக்கு அவர் காசு கொடுத்தால், இன்னும் ஐந்து ரூபாய் கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்று அர்த்தம்.

எனக்கு இது ரத்தத்தில் உள்ளது. அப்பாவுக்குப் பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறிக் கமிஷன் கடை. நான் பத்தாவது படிக்கும்போது, வெள்ளைக் காரில் வந்த ஒரு வியாபாரி, அப்பா சொன்ன முதல் விலைக்கே தலையாட்டி நாற்பது மூட்டை சின்ன வெங்காயத்தை ஏற்றிக்கொண்டு போனான். ஒரு வார்த்தை குறைத்துக் கேட்கவில்லை. அன்று கடைக்குள் எல்லோருக்கும் அல்வா. அதன் பிறகு அவனையும் காணோம், காரையும் காணோம், முன்பணம் போக மீதிப் பணத்தையும் காணோம். கொடுக்கிற எண்ணம் இருக்கிறவன்தான் குறைத்துக் கேட்பான், கொடுக்காதவனுக்கு எந்த விலையும் சம்மதம் என்று சந்தை முழுவதும் அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தது. நானும் வந்தேன்.

ஆகவே என் தொழிலில் ஒரு பூட்டு வைத்திருந்தேன். குற்றாலத்தில் ஒரு லாட்ஜ்காரர் வரவேற்பறைச் சுவர் முழுக்க யானைக் கூட்டம் வரையச் சொல்லிவிட்டு, பாக்கியை அடுத்த சாரல் சீசனுக்குத் தருகிறேன் என்றார். அடுத்த சாரலும் வந்தது, அருவியில் தண்ணீரும் வந்தது, பணம் மட்டும் வரவில்லை. வரைந்த சுவரைப் பெயர்த்தெடுத்து வர முடியுமா. அன்றிலிருந்து கண் கடைசியில்தான். உடம்பு, வால், காது, சிரிப்பு எல்லாம் முடித்துவிடுவோம். கண் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருக்கும். பாக்கி கைக்கு வந்தால் அரை மணி நேரத்தில் கண் வந்துவிடும். கண்ணில்லாத முயலை எவனும் இரண்டு நாளுக்கு மேல் தாங்குவதில்லை. ஒரு நர்சரிப் பள்ளியில் நடைபாதை முழுக்கப் பதினான்கு கண்ணில்லாத மிருகங்களை நிறுத்திவிட்டு வந்தேன். காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட தாய்மார் போட்ட சத்தத்தில் சாயங்காலத்துக்குள் முழுப் பணமும் வந்தது.

வரைவது பெர்சிஸ். அச்சன்புதூர்க்காரி. அரசுப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியை. அந்தச் சம்பளத்தில் மாதத்தில் பத்து நாள்தான் ஓட்ட முடியும், மீதி இருபது நாளுக்கு நான். சதுர அடிக்கு அறுபது கொடுப்பேன். அவளுடைய கை கண்ணில்தான் இருக்கிறது. கறுப்பு வைத்து, அதில் பொட்டளவு வெள்ளை தொட்டுவிட்டால் போதும், சுவரில் இருக்கிற கரடி நம்மைப் பார்த்து ஏதோ கேட்க வருவது போலிருக்கும். கடைசியில் கண் வைக்கிற என் சட்டம் அவளுக்கு முதலிலிருந்தே பிடிக்காது.

"பாத்துப் பாத்து வரையுதது நானு. பொணத்த வரஞ்ச மாதிரி விட்டுட்டு வாரதும் நானு," என்பாள்.

"பொணத்துக்குச் சம்பளம் வந்துட்டா உயிர் வந்திரும்லா," என்பேன்.

இந்த ஆண்டு ஜூன் மாதம் மேலகரத்திலிருந்து மகாதேவன் கூப்பிட்டார். காற்றாலை கம்பெனியில் பராமரிப்பு இன்ஜினியர். கோயில் கைங்கரியத்தில் இருந்த பழைய குடும்பம். வயல் போய், வீடு மட்டும் மிச்சம். வயது நாற்பதுக்குள். மாடியறையைக் காட்டினார். புதுக் கட்டில், பிரிக்காத பிளாஸ்டிக் உறையோடு மெத்தை, யானை போட்ட திரைச்சீலை. வீட்டில் வேறு ஆள் இல்லை.

"பிள்ளைக்கா சார்?"

"ஆமா. ஆறு வயசு. குழல்வாய்மொழின்னு பேரு. குழலிம்போம். அவங்க அம்மாகூட தென்காசில இருக்கா."

மற்றதை நான் கேட்காமலே சொன்னார். அப்படிச் சொல்லுகிறவர்கள் வீட்டில் பேச ஆளில்லாதவர்கள். மனைவி ஸ்ரீமதியோடு வழக்கு நடக்கிறது. அந்த அம்மாளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகக் கேட்கிறார். கோர்ட்டில் நீதிபதி பிள்ளையிடமே கேட்டபோது, அப்பா வீட்டில் ராத்திரி பயமாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறது. அதனால் ஒரு வாய்ப்பு: வருகிற சனிக்கிழமை ஒரு ராத்திரி பிள்ளை இங்கே தங்கிப் பார்க்கட்டும். பயப்படாமல் தங்கினால், மாதத்துக்கு இரண்டு சனி ஞாயிறு இங்கே என்று உத்தரவு போடலாம். தங்காவிட்டால் பிள்ளை கோயம்புத்தூருக்குப் போகும். இவர் எப்போதாவது கோர்ட் வளாகத்து பெஞ்சில் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வரலாம்.

"அந்த ஒரு ராத்திரிதான் அண்ணாச்சி," என்றார். சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். கிரேயானில் பிள்ளை வரைந்தது. குற்றாலத்துக் குரங்கு நான்கு, மலை அணில் ஒன்று, இரண்டு இருவாட்சிப் பறவை, ஒரு யானை, இரண்டு மான், ஒரு கரடி. கரடிக்குச் சட்டை போட்டிருந்தது. "இவ்வளவும் வரணும். அவ போட்ட மாதிரியே."

பன்னிரண்டுக்குப் பத்துச் சுவர். நூற்று இருபது சதுர அடி. நான் வழக்கம்போல் நூற்று எண்பது என்றேன். சொல்லிவிட்டு நெஞ்சில் வைப்பதற்குக் கையைத் தயாராக வைத்திருந்தேன்.

"சரி அண்ணாச்சி," என்றார்.

கை அப்படியே நின்றது. இருபத்தோராயிரத்து அறுநூறு ரூபாய். சந்தோஷப்பட வேண்டியவன் நான். ஆனால் எனக்கு வெள்ளைக் கார்தான் ஞாபகம் வந்தது.

"குறைச்சுக் கேக்கலியே சார்?"

"பிள்ளைக்குச் செய்யுததுல என்ன பேரம்."

பத்தாயிரம் முன்பணத்தை அங்கேயே செல்போனில் அனுப்பினார். அதுவும் என் சந்தேகத்தைக் கூட்டியது. வெங்காயக்காரனும் முதலில் கொஞ்சம் கொடுத்துத்தான் மூட்டையை ஏற்றினான்.

"ஒரு விஷயம் சார். கண்ணு மட்டும் கடைசிலதான் வப்போம்," என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "சிற்பிமார் சாமிக்குக் கண்ணு திறக்கிற மாதிரியா? எங்க தாத்தா காலத்துல கோயில்ல பாத்திருக்கோம்."

பாக்கிப் பணத்துக்குப் பூட்டு என்று சொல்லியிருக்க வேண்டும். பூட்டுக்குத் தெய்வீகமான பெயர் சும்மா கிடைக்கும்போது எந்த வியாபாரி வேண்டாம் என்பான்.

"அப்படித்தான்னு வச்சுக்கிடுங்க," என்றேன்.

கூட வந்திருந்த பெர்சிஸ் மாதிரி பார்ப்பதற்காக வாளியில் கொஞ்சம் வண்ணம் கலக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி கலக்கினாள்.

சாரல் தொடங்கியிருந்தது. சுவர் காய மறுத்தது. மேசை மின்விசிறியை வைத்து ஒவ்வொரு மிருகமாகக் காய வைத்தாள். மகாதேவன் வேலைக்குப் போகும்முன் ஒரு தடவையும் வந்த பிறகு ஒரு தடவையும் மாடிக்கு வந்து, பிள்ளை போட்ட தாளைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பார்ப்பாராம். கரடிச் சட்டையில் பொத்தான் மூன்றா நான்கா என்று ஒருநாள் இரண்டு பேரும் கால் மணி நேரம் பேசியதாக பெர்சிஸ் சொன்னாள். "இப்படிப்பட்ட ஆளுக்கு வரையதுக்கு நீங்க அறுபது குடுத்தாலும் சரிதான் அண்ணாச்சி," என்றாள். அதை நான் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் நான் போனபோது வேலை முடிந்திருந்தது. நான் பார்த்த சுவர்களில் அதுதான் நல்லது. காடு முழுக்க ஈரம் தெரிந்தது. குரங்குக் குட்டி ஒன்று தாயின் வாலைப் பிடித்துக்கொண்டிருந்தது. கண் இருக்கிற இடங்களில் மட்டும் வெள்ளை வெள்ளையாக ஓட்டை. பெர்சிஸ் சின்னத் தூரிகையைக் கறுப்பில் தொட்டு வைத்துக்கொண்டு ஏணி அடியில் உட்கார்ந்திருந்தாள்.

மகாதேவன் படியேறி வந்தார். குளித்து, நெற்றியில் திருநீறு, தேய்த்த சட்டை. ஐந்து மணிக்குப் பிள்ளையைக் கூட்டிவரப் போக வேண்டும்.

"அண்ணாச்சி, ஒரு சின்ன சங்கடம். குழலியோட ஸ்கூல் ஃபீஸ இன்னைக்குள்ள கட்டினாத்தான் பிள்ளைய அனுப்புவோம்னு மாமனார் சொல்லிட்டாரு. கையில இருந்தத கட்டிட்டேன். பாக்கி பதினோராயிரத்து அறுநூறு திங்கக்கிழம காலைல வந்திரும்."

திங்கட்கிழமை. சந்தையில் அந்தக் கிழமைக்கு இருக்கிற மரியாதை எனக்குத் தெரியும். எத்தனை திங்கட்கிழமைகளை அப்பா எண்ணியிருக்கிறார்.

"அதுக்கென்ன சார். அப்ப திங்கக்கிழமயே கண்ணத் திறந்திருவோம்."

"இன்னைக்கு பிள்ள வருதே அண்ணாச்சி."

"தட்சணை முழுசா கைக்கு வராமத் திறக்கப்படாது சார். முறைன்னு ஒண்ணு இருக்கு பாத்தீங்களா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். இங்கேதான் பேரம் தொடங்க வேண்டும். ஐயாயிரம் இப்போது என்று அவர் சொல்லியிருந்தால் சரி என்றிருப்பேன். இரண்டாயிரம் என்றாலும் சரிதான். அட, திட்டியிருந்தாலும் போதும். திட்டுகிறவன் பணம் தருகிறவன். ஏதாவது ஒரு சொல். அதைப் பிடித்துக்கொண்டு நான் இறங்கி வருவதற்குத் தயாராகத்தான் நின்றேன்.

அவர் சுவரைப் பார்த்தார். கையைக் கட்டிக்கொண்டார், சந்நிதியில் நிற்பது போல.

"முறைன்னா அத மீறக் கூடாது. பிள்ளைகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். கண்ணு திறக்கிறத அவளும் ஒருநாள் பாக்கட்டும்."

பெர்சிஸ் எழுந்தாள். "அண்ணாச்சி, அரை மணி நேரம். வச்சிட்டு வாரேன். நீங்க கீழ போங்க."

"சொன்னதக் கேளு பெர்சிஸ். சாமானக் கட்டு."

"என் கூலியில கழிச்சுக்கிடுங்க."

"கட்டுன்னு சொல்லுதேன்லா."

தூரிகையை அலசினாள். தண்ணீர் கறுப்பாவதை நானும் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு என் செல்போன் சிணுங்கியது. பதினோராயிரத்து அறுநூறு. ஒரு ரூபாய் குறையவில்லை. வெள்ளைக் காரின் மேல் முதல் தடவையாக எனக்குக் கோபம் வந்தது. பெர்சிஸை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மேலகரத்துக்குப் பறந்தேன். வழியில் ஒரு பாக்கெட் மிட்டாயும் வாங்கினேன், பிள்ளைக்கு.

கதவைத் திறந்த மகாதேவன் அதே சட்டையில் இருந்தார். மாடிக்குக் கூட்டிப் போனார்.

மெத்தை மேல் பிளாஸ்டிக் உறை பாதி கிழிந்து கிடந்தது. சுவரில் இரண்டு குரங்குகளுக்கு ஸ்கெட்ச் பேனாவால் கண் போட்டிருந்தது. உருண்டையாக, பிதுங்கி, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக. ஓரமாக நின்ற மானுக்குக் கீழிருந்து கை எட்டுகிற உயரத்தில் கோணலாக ஒரு சின்னக் கண்.

"வந்ததும் வாசல்லயே நின்னுட்டா," என்றார். "ஏம்ப்பா யாருக்கும் கண்ணு இல்லன்னா. சாமிக்குத் திறக்கிற மாதிரி திங்கக்கிழம திறப்பாங்கன்னு சொன்னேன். அப்ப இப்ப செத்துப் போச்சான்னு கேட்டா. இல்லட்டி, நம்மளே கொஞ்சம் வப்போம்னு பேனாவ எடுத்துக் குடுத்தேன். மானுக்கு அவதான் வச்சா. சிரிச்சா. எனக்கும் ஒரு தெம்பு வந்து குரங்குக்கு நான் வச்சேன். எனக்கு வரைய வராதே அண்ணாச்சி. அது முறைச்சிட்டு. அழ ஆரம்பிச்சவ நிறுத்தல. விளக்க அணைச்சாலும் ஓட்டை தெரியுதுங்கா. கீழ கூட்டிட்டுப் போனாலும் மேல அதுவ நடக்குதுங்கா. எட்டரைக்கு அவ தாத்தா வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு."

மிட்டாய்ப் பாக்கெட்டைச் சட்டைப்பைக்குள் தள்ளினேன்.

"இப்ப வச்சிருவோம் சார். பெர்சிஸ் அந்தக் குரங்கையும் சரி பண்ணிருவா. இன்னொரு சனிக்கிழம கேட்டு வாங்குங்க."

"ஒரு ராத்திரிதான் குடுத்தாங்க." அவர் சுவரைப் பார்க்கவில்லை. "முறைப்படி செஞ்சும் ஏன் இப்படி ஆச்சுன்னுதான் தெரியல. நாள் சரியில்லையோ என்னவோ."

"முறையும் இல்ல, நாளும் இல்ல சார்," என்றாள் பெர்சிஸ். நான் கையைப் பிடித்தேன், உதறினாள். "பாக்கிப் பணம் வாராம போயிரும்னு கண்ண நிறுத்தி வப்பாரு. எல்லா வீட்லயும் அதுதான். நீங்க பேரம் பேசாததால உங்க மேல சந்தேகம் இவருக்கு."

மகாதேவன் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தார். விரலில் மோதிரம் இருந்தது. ஒரு பவுனாவது இருக்கும்.

"சொல்லியிருந்தா இதக் கழத்தித் தந்திருப்பேனே அண்ணாச்சி," என்றார்.

அவர் சத்தம் போட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். அதற்கு எனக்குப் பயிற்சி உண்டு.

பெர்சிஸ் பையைத் திறந்து தூரிகையை எடுத்தாள். அவர் தடுத்தார். "வேண்டாம்மா. கண்ணு வச்சா அதுவளும் என்னையப் பாக்கும்."

படியிறங்கும்போது ஐயாயிரத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். வேண்டாமென்று தலையாட்டினார். எட்டாயிரம் என்றேன். பிறகு முழுசும் என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் விலையை நானே இறக்கிக்கொண்டு போனேன், எதிரில் கேட்பதற்கு ஆளில்லை.

"பேசின ரேட்டுதான அண்ணாச்சி," என்று கதவைச் சாத்தினார்.

ஜூலையில் உத்தரவு வந்தது. பிள்ளையிடம் மறுபடி கேட்டிருக்கிறார்கள். அப்பா வீட்டில் கண்ணில்லாத குரங்கு இருக்கிறது என்று சொல்லியிருக்கிறது. அந்தச் சூழல் குழந்தைக்கு அச்சம் தருவதாக எழுதி, கோயம்புத்தூருக்கு அனுமதி. மகாதேவனுக்கு மாதம் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம், அங்கேயே போய். இதெல்லாம் பெர்சிஸ் சொல்லித் தெரியும். அவளோடு அவர் போனில் பேசுகிறார். என்னோடு பேசக் காரணம் ஒன்றும் இல்லை.

பெர்சிஸ் அதற்கு முன்பே கணக்கு முடிக்க என் கடைக்கு வந்தாள். நூற்று இருபது சதுர அடிக்கு அறுபது வீதம் ஏழாயிரத்து இருநூறு. எண்ணி மேசையில் வைத்தேன். அவள் தொடவில்லை.

"கண்ணு வைக்கல. அதுக்குள்ளதக் கழிச்சிட்டுக் குடுங்க."

"அதெல்லாம் வேண்டாம், வச்சுக்கோ."

"செய்யாத வேலைக்கு வாங்க மாட்டேன். கழிங்க."

"கண்ணுக்குன்னு தனி ரேட்டு கிடையாதே."

"நீங்கதான அதுக்கு வில வச்சது. நீங்களே சொல்லுங்க," என்றாள்.

சந்தையில் வளர்ந்தவன் ஒரு சரக்குக்கு விலை சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் ஐயாயிரத்தை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு, மீதியைக் கல்குலேட்டருக்கு அடியில் செருகிவிட்டுப் போனாள். இப்போது தென்காசியில் அவளே நேராக வேலை பிடிக்கிறாள். முதல் நாளே கண் வைத்துவிட்டுத்தான் உடம்பை வரைகிறாளாம். இரண்டு இடத்தில் பணம் வராமல் நிற்கிறது என்று கேள்வி.

நான் வேறு ஆளை வைத்து வேலை செய்கிறேன். லாட்ஜ், அங்கன்வாடி, அடுக்குமாடி விளையாட்டறை. விலை அதே நூற்று எண்பது. நூற்று முப்பதில் முடிகிறது. மேலகரம் பக்கத்தை மட்டும் நோட்டில் முடிக்க முடியவில்லை. நேராக முகம் காட்டுவதற்குக் கண் இரண்டு, பக்கவாட்டில் நிற்பதற்கு ஒன்று என்று எண்ணி எழுதி வைத்திருக்கிறேன்.

மகாதேவன், மேலகரம். மாடியறை, 120 சதுர அடி.
பேசியது ரூ. 21,600. வரவு ரூ. 21,600. பணத்தில் பாக்கி இல்லை.
பெர்சிஸ் கூலி ரூ. 7,200. கொடுத்தது ரூ. 5,000. அவள் வாங்காதது ரூ. 2,200, கைவசம்.
குரங்கு நான்குக்கு, கண் 8. கரடிக்கு 2. மான் இரண்டுக்கு 3. இருவாட்சிக்கு 2. மலை அணிலுக்கு 1. யானைக்கு 1. ஆக மொத்தம் 17.
வீட்டுக்காரர் வைத்தது 4. பிள்ளை வைத்தது 1. நாங்கள் வைத்தது இல்லை.
நிற்கிற பாக்கி, கண் 12.